கடக்க வேண்டிய சாலை: தாம்பரத்தைச் சுற்றிய சைக்கிள் பாதைகள்

தாம்பரத்தில் சைக்கிள் ஓட்டுபவருக்கு மலையேற்றம் என்பது ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதுதான். பிரான்சில் ஜூலை மாதம் நடக்கும் அந்தப் பெரிய பந்தயத்தில் மலைப்பாதைகளை நான்கு தரமாகப் பிரித்து, எந்தத் தரத்திலும் அடங்காத கொடும் ஏற்றங்களைத் தனியே வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு வழிகாட்டி நூல்களுக்கும் ஏறக்குறைய அதே வழக்கம்தான். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம் என்று பார்த்து, இது புதியவருக்கு, இது பழகியவருக்கு என்று பிரித்துவிடுகின்றன. அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நம் தென்புறநகருக்கு வந்தால் அளக்க ஒன்றும் கிடைக்காது. கடல் மட்டத்திலிருந்து சுமார் முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது தாம்பரம். கிழக்கே கோவளம் போய்ச் சேர்வதற்குள் அந்த முப்பதும் கரைந்துவிடும். தொடைக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனாலும் இங்கே எட்டு கிலோமீட்டர் பாதை ஒன்று நன்றாகப் பழகியவரையே பதற வைக்கும். நாற்பது கிலோமீட்டர் பாதை ஒன்றைப் பதினைந்து வயதுப் பெண் பேசிக்கொண்டே முடித்துவிடுவாள். எந்தச் சாலையைக் கடக்கிறோம், எத்தனை மணிக்குக் கடக்கிறோம் என்ற இரண்டும்தான் இங்கே ஒரு பாதையின் தரத்தை முடிவு செய்கின்றன.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. காகிதத்தில் ஒரே ஊர். சைக்கிளில் போகிறவருக்கு அது இரண்டு ஊர். நடுவே ரயில் தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும் அருகருகே ஓடுகின்றன. 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது இந்தக் கோட்டின் இருபுறமும் வயலும் ஏரியும்தான். இன்றைக்குக் கிழக்குத் தாம்பரத்தில் இருப்பவர் மேற்கே போக வேண்டுமென்றால் நிலையத்தருகே மேம்பாலத்தில் பஸ்களோடு ஏற வேண்டும், அல்லது இரும்புலியூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். காலை ஐந்தே காலுக்கு இது ஐந்து நிமிட வேலை. ஏழே காலுக்கு அதே இடத்தில் நின்று பார்த்தால், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றும். அதனால் இந்த வட்டாரத்தில் பாதை தேடுபவரிடம் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்.

கிழக்குப் பக்கம் வீடு இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து அகரம்தென் சாலையில் இறங்கி, சேலையூர், மப்பேடு தாண்டி, அகரம்தென், கோவிலாஞ்சேரி வழியாகப் பொன்மார் வரை போய்த் திரும்பினால் இருபது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாதை தென்புறநகரில் இல்லை என்பது என் முடிவு. மப்பேடு வரை வீடுகளும் கடைகளும் நெருக்கும். அதற்கப்புறம் வானம் கொஞ்சம் திறக்கும். சாலை அகலம் குறைவு என்பது இங்கே குறை இல்லை. அகலம் குறைந்தால் வண்டிகளின் வேகமும் குறைகிறது. புதிதாக ஓட்டுகிறவர் பயப்படுவது போக்குவரத்தைப் பார்த்து என்று நினைக்கிறோம். உண்மையில் அவர் பயப்படுவது வேக வித்தியாசத்தைப் பார்த்துத்தான். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிளைத் தொண்ணூறில் போகிற கார் உரசிக்கொண்டு போனால் கைகள் நடுங்கும்; முப்பதில் போகிற ஷேர் ஆட்டோ போனால் நடுங்காது.

இந்தப் பக்கத்தின் அழகுக்கு ஏரிகள் காரணம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேலே இருக்கும் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் கீழே இருக்கும் ஏரிக்கு இறங்கும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் எல்லாம் போய்ச் சேர்வது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கு. சாலை போட்டவர்கள் நீர் போன வழியை ஒட்டியே பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். பழைய ஊர்களை இணைத்த வண்டிப்பாதைகள் ஏரிக்கரை மேலேயே போயிருக்கின்றன. கரை என்றால் மேடு, மேடு என்றால் மழையிலும் நடக்கலாம், அவ்வளவுதான் கணக்கு. சைக்கிள்காரருக்கு அதனால் கிடைத்த லாபம்: சமதளத்தில் ஓடும் சாலை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் இன்னமும் மிச்சமிருக்கும் கொஞ்சம் வயல் அல்லது அதை விற்பனைக்குக் காட்டும் பலகை.

மாடம்பாக்கத்தில் இறங்கித் தேனுபுரீசுவரர் கோயிலைப் பார்க்காமல் போகக் கூடாது. சோழர் காலத்துக் கற்றளி. கருவறை விமானத்தின் பின்புறம் யானை படுத்திருப்பதைப் போல வளைந்திருக்கும், கஜபிருஷ்டம் என்பார்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் சுற்றுப்புறம் சுத்தமாக இருக்கிறது. சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் உட்காரலாம். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குத் திரும்பிப் போகும் இடமாக இதையே வைத்துக்கொள்ளலாம். கேம்ப் ரோட்டிலிருந்து போக வர பத்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இதுவும் வேண்டாம். அவர்களுக்கென்று ஒரு பாதை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குள் இருக்கிறது. 1985ல் சென்னை நகரத்துக்குள்ளிருந்து இங்கே இடம் மாறிய பூங்கா. பரப்பு 602 ஹெக்டேர். உள்ளே வாடகைக்கு சைக்கிள் கிடைக்கும், லாரி கிடையாது, நிழல் உண்டு, செவ்வாய்க்கிழமை விடுமுறை. முப்பது வருடம் சைக்கிளைத் தொடாத அப்பா ஒருவர், தன் மகளுக்குக் கற்றுக்கொடுக்கிற சாக்கில் தானும் கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் ஊரில் இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகமும் இதே மாதிரி மர நிழலில் ஓட்டக்கூடிய இடம்தான். 1937ல் தாம்பரத்துக்கு வந்த கல்லூரி, புதர்க்காட்டைப் பெரும்பாலும் அப்படியே காத்துவைத்திருக்கிறது. ஆனால் அது மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வாய்த்தது. வெளியாருக்கு வாசலோடு சரி.

இனி, எல்லோரும் போகும் சாலைக்கு வருகிறேன். வண்டலூர் கேளம்பாக்கம் சாலை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அங்கே நின்றால் தலைக்கவசமும் பளபளக்கும் சட்டையுமாகக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். வண்டலூரிலிருந்து ரத்தினமங்கலம், மேலக்கோட்டையூர், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டிக் கேளம்பாக்கம் வரை பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் வெலோட்ரோம், அதாவது வளைவில் சரிந்து நிற்கும் பந்தயத் தளம், இருக்கிறது. வீரர்கள் பயிற்சி செய்யும் இடம் ஆகையால், இந்தச் சாலைக்கும் சைக்கிளுக்கும் உறவு ஏற்கெனவே உண்டு என்று சொல்லலாம்.

ஆனால் இந்தச் சாலையின் புகழ் அதன் பழைய தோற்றத்துக்குச் சேர வேண்டியது. இருபக்கமும் காப்புக்காடும் பாறைக் குன்றுமாக இருந்த காலத்துப் பெயரை வைத்துக்கொண்டு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாலையை அகலப்படுத்தினார்கள், கல்லூரிகள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன, கண்டிகைப் பக்கத்துக் கல்குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் போய்வரும் டிப்பர் லாரிகள் எப்போதும் இருந்தன, இப்போது அதிகம். ஆறரை மணிக்கு மேல் நான் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு முன்னால் என்றால், இடைநிலை ஓட்டுநருக்கு இது இன்னமும் நல்ல பாதைதான். சாலை சீராக இருக்கிறது, வண்டலூர்ப் பக்கம் லேசாக மேடு பள்ளம் உண்டு, கேளம்பாக்கத்தில் சூடாகப் பொங்கல் கிடைக்கும்.

வண்டலூர்ச் சந்திப்பைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. மப்பேட்டிலிருந்து புத்தூர்ப் பக்கம் திரும்பிக் கொளப்பாக்கம் வழியாக இந்தச் சாலையைத் தொடலாம். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு இந்த மாற்று வழியின் மதிப்பு கூடிவிட்டது. தென் மாவட்டங்களிலிருந்து வரும் பஸ்கள் விடியலுக்கு முன்பே வண்டலூரைச் சுற்றிக் குவிகின்றன. காலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. காலியாக இருக்கும் என்பது பழைய கதை. இதே பக்கம் நெடுங்குன்றம் ஏரி இருக்கிறது. அங்கே முதலைகள் உண்டு, கதை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர், நெடுங்குன்றம் பக்கம் ஒரு முதலை சாவகாசமாகச் சாலையைக் கடந்து போனதைக் கைப்பேசியில் பார்க்காதவர் குறைவு. கூச்ச சுபாவமுள்ள சதுப்புநில முதலை அது. சைக்கிள்காரரை அது ஒன்றும் செய்யப் போவதில்லை. இருந்தாலும் மழைநாளில் ஏரிக்கரையோரம் பஞ்சர் ஒட்ட உட்காருகிறவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேளம்பாக்கத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் நல்ல பகுதியை விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து கோவளத்துக்குப் போகும் இணைப்புச் சாலை ஐந்து கிலோமீட்டர் சுமார்தான். இருபுறமும் உப்பங்கழி, உப்பளம், ஆழமில்லாத நீர்ப்பரப்பு. குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து இறங்கும். பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியோடு நிற்கும் இடத்தில் சைக்கிளை நிறுத்தினால் அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். கோவளம் கடற்கரைக்கு 2021ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தாம்பரத்திலிருந்து போக வர அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மாதக்கணக்கில் இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர் முதன்முதலாக எடுக்க வேண்டிய நீண்ட பாதை இதுதான். தூரம் அல்ல, காற்றுதான் இதில் சோதனை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலை இல்லாத ஊரில் மலையின் வேலையைக் காற்று செய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எதிர்க்காற்று என்பது ஓட்டுகிறவரின் வேகத்தோடு காற்றின் வேகத்தையும் கூட்டிக்கொள்வது. இருபதில் சுகமாக மிதிக்கிறவர், முகத்துக்கு நேரே பதினைந்தில் அடிக்கும் காற்றில் பதினான்குக்கு இறங்கிவிடுவார். கியரைக் குறைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். மலையேற்றத்துக்கு ஒரு உச்சி உண்டு, அப்புறம் இறக்கம் உண்டு. எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது.

நம் பக்கத்துக் காற்றுக்கு ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. கோடையில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் கூட, காலை வேளையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மேல்காற்று வீசும். கடற்காற்று எழும்புவது பெரும்பாலும் நண்பகலையொட்டி. ஆகவே விடியற்காலையில் தாம்பரத்திலிருந்து கோவளம் போகிறவரைக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அவருக்கு அது தெரியாது. இன்றைக்கு நல்ல ஓட்டம், நம் கால் தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். எட்டு மணிக்குத் திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும், கூடவே வெயில் ஏறும். கேளம்பாக்கத்துக்கும் மாம்பாக்கத்துக்கும் நடுவே புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் புதியவர்கள் எல்லோரும் இப்படி ஏமாந்தவர்கள்தான். நண்பகல் வரை காத்திருந்தால் கடற்காற்று பின்னால் தள்ளும் என்று கணக்குப் போடலாம். கணக்கு சரி, ஆனால் மே மாத நண்பகலில் நாற்பது டிகிரியில் ஓட்டுவதற்கு அந்தக் கடற்காற்றே போதாது. எனவே மார்ச் முதல் செப்டம்பர் வரை முதலில் மேற்கே போய்க் கிழக்கே திரும்புவது புத்திசாலித்தனம். கால் புதிதாக இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்த பிறகு பின்காற்று.

சூரியனும் இதே கணக்கில் சேரும். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்காலுக்கு முன்பே விடிந்துவிடும். ஜனவரி முடிவில் ஆறரை தாண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். ஜனவரியில் ஐந்தரைக்குக் கிளம்புகிறவர் முழு இருட்டில் ஓட்டுகிறார். பின்விளக்கு இல்லாமல் கிளம்பக் கூடாது. வெயில் காலத்தில் கிழக்கே போகிற பாதைகளில் ஆறு மணிக்கு மேல் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். பின்னால் வருகிற லாரி ஓட்டுநருக்கும் அதே வெயில் அதே கண்ணில் அடிக்கிறது என்பதைச் சைக்கிள்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மேற்கே போனால் காற்றுக்கும் வெயிலுக்கும் ஒரே தீர்வு கிடைக்கிறது. சோமங்கலம், மணிமங்கலம் வட்டத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் கிழக்குத் தாம்பரத்துக்காரர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தண்டவாளத்தைக் கடக்க வேண்டுமே என்ற சலிப்பு. மேற்குத் தாம்பரத்திலிருந்து தர்காஸ், எருமையூர் வழியாகச் சோமங்கலம், அங்கிருந்து மணிமங்கலம், பிறகு முடிச்சூர் வழியாகத் திரும்புவது. முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். பாதி தூரம் நெல் வயலும் ஏரிக்கரையும். அறுவடை சமயத்தில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். ஓரமாக ஒதுங்கிப் போக வேண்டியது நம் கடமை. அவர்கள் நமக்கு முந்தியவர்கள்.

சோமங்கலத்தில் சோமநாதீசுவரர் கோயில், சந்திரனுக்கு உரிய தலமாக வழங்குவது. மணிமங்கலம் இன்னும் பழைய பெயர். வாதாபியிலிருந்து வந்த இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் தோற்கடித்த போர்க்களங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு ஊர்ப் பெயர் நினைவிருக்கும். இன்றைக்கு அந்த ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எருமைகளும் கொக்குகளும்தான். பெரிய ஏரி, காற்று அடித்தால் கரையில் அலை மோதும். அடையாறு என்று சென்னைக்காரர்கள் அழைக்கும் ஆறு பிறக்கும் வட்டாரமும் இதுதான். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து ஓடையாகி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து உபரியும் கலந்து ஆறாகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது இந்த ஓடை பெருகித்தான். செய்தியில் மட்டும் கேட்ட வெள்ளத்தின் வழியை மேட்டிலிருந்து பள்ளம்வரை மிதித்துப் பார்த்தால், வீடுகள் எங்கே கட்டப்பட்டிருக்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

இந்த வட்டத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வரைபடத்தில் பக்கமாகத் தெரிகிறதே என்று படப்பை வழியாக ஒரகடத்துக்குப் போய்விடக் கூடாது. வண்டலூர் வாலாஜாபாத் சாலை அகலமானது, வழவழப்பானது, வேகமானது. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் எல்லாம் தயாராகின்றன. அவற்றை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து, விடிவதற்குள் ஒரகடத்தைத் தாண்டிவிடும்படி போகலாம். அழகுக்காகப் போகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

வெளிவட்டச் சாலையைப் பற்றியும் இதே கருத்துதான். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர், ஆறு வழி. முதல் பகுதி 2014ல் திறந்தது. சிக்னலே இல்லாமல் மணிக்கணக்கில் மிதிக்கலாம் என்பதால் பந்தயப் பயிற்சிக்காரர்களுக்குப் பிடிக்கும். நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, பஞ்சர் கடை இல்லை, பார்க்க எதுவுமில்லை. இரவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுகிறவர்களுக்கும் அதே சாலை பிடித்திருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தாலே அது யாருக்கான சாலை என்று புரிந்துவிடும்.

ஏற்றம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்குப் புறநகரில் கிடைப்பது சொற்பம். பரங்கிமலை உச்சி வரை தார்ச்சாலை உண்டு. முந்நூறு அடி உயரம், ஏறத் தொடங்கினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆனால் அந்தச் சில நிமிடம் மூச்சு வாங்கும். அதைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிப் பயிற்சி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 1802ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கியது இந்த மலையடியிலிருந்துதான். பல்லாவரத்துக் குன்றுகள் பக்கம் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அந்தக் குன்றுகளில் பாதியைக் கல்லாக வெட்டி ஊருக்கு விற்றுவிட்டோம். கண்டிகையிலிருந்து நல்லம்பாக்கம் பக்கம் போகும் சாலையில் மேடு பள்ளம் உண்டு, ஆனால் கிரஷர் தூசி. திருநீர்மலை ரங்கநாதரைப் பார்க்க ஏறுவது படிக்கட்டில். அங்கே சைக்கிள் அடிவாரத்தோடு நின்றுகொள்ளும். மற்றபடி, மேம்பாலங்கள்தான் நம் மலைகள்.

சதுப்பு நிலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வழி. வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணை. அல்லது பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலை. பள்ளிக்கரணைக்கு 2022ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஒரு பக்கம் பூநாரை, இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, நடுவே ஐ.டி. நிறுவனங்களுக்குப் போகிற பஸ். இந்தக் காட்சியை அழகு என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது என்று சொல்லலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் மட்டும். போகும் வழியில் நன்மங்கலம் காப்புக்காட்டைத் தாண்டுவீர்கள். சுமார் 320 ஹெக்டேர் புதர்க்காடு, நடுவே கைவிட்ட கல்குவாரி, அதன் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை. பஸ்ஸில் போகிறவர்கள் அதை வெறும் மதில்சுவராகத்தான் அறிவார்கள். மேடவாக்கம் பகுதியில் மெட்ரோ ரயில் வேலை நடப்பதால் சாலை குறுகித் தடுப்புகளுக்கு நடுவே போகிறது. சைக்கிளுக்கு ஓரம் என்பதே இல்லாத இடங்கள் உண்டு. ஓ.எம்.ஆருக்கும் இதே நிலைமைதான், அதனால் அதைப் பற்றித் தனியாக எழுதப் போவதில்லை.

தேர்ந்தவர்களுக்கு உரிய பாதை தெற்கே இருக்கிறது. கேளம்பாக்கம் வழியாகத் திருப்போரூர் போய், கந்தசாமி கோயில் குளக்கரையில் காலை உணவை முடித்துக்கொண்டு, அங்கிருந்து செங்கல்பட்டுக்குத் திரும்ப வேண்டும். திருப்போரூர் செங்கல்பட்டுச் சாலையில் காப்புக்காடு இன்னமும் காடாகவே இருக்கிறது. சாலை லேசாக ஏறும், லேசாக இறங்கும், வளையும். சென்னைக்குப் பக்கத்தில் வளைந்து போகும் சாலை கிடைப்பதே அபூர்வம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே நுழையலாம். திரும்பும்போது ஜி.எஸ்.டி. சாலையில் முப்பது கிலோமீட்டர் மிதித்துத்தான் ஆக வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொன்றும் ஒரு சந்திப்பு. மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சத்தில் கடினமானது இந்தக் கடைசி முப்பதுதான். போன வழியிலேயே திரும்பி வருகிறவர்களை நான் கோழைகள் என்று சொல்ல மாட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை எல்லோரும் அறிவார்கள். 2021ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில் போனார், படங்கள் வந்தன. முதலைப் பண்ணை, கடல், சவுக்குத் தோப்பு எல்லாம் உண்டு. சனி ஞாயிறுகளில் மாமல்லபுரத்துக்குப் பறக்கும் கார்களும் உண்டு. கோவளத்துக்குத் தெற்கே விடியலில் ஓட்டினால் சுகம். தாம்பரத்துக்காரருக்கு அங்கே போய்ச் சேரவே முப்பது கிலோமீட்டர் ஆகிவிடும். மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினால் நூறு.

நூறைத் தாண்ட விரும்புகிறவர்களுக்கு ப்ரெவே என்கிற நெடுந்தூர ஓட்டம் இருக்கிறது. பந்தயம் அல்ல, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 300ஐ இருபது மணி நேரத்துக்குள், 600ஐ நாற்பது மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். மெட்ராஸ் ரேண்டனர்ஸ் குழு சென்னையில் இதை நடத்துகிறது. விளக்கும் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம்; வழியில் பஞ்சர் ஆனால் ஒட்டிக்கொள்வது அவரவர் பாடு. நான் பார்த்தவரையில், இதில் ஐம்பது வயதுக்காரர்கள் இருபத்தைந்து வயதுக்காரர்களைவிடச் சுலபமாக முடிக்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்த அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சைக்கிள் எது என்று கேட்பார்கள். இந்த வட்டாரத்துக்கு நடுத்தர அகல டயர் போட்ட ஹைப்ரிட் போதும். மெல்லிய டயர் ரோடு பைக் ஓ.எம்.ஆரில் அழகாக ஓடும், அகரம்தென் சாலையின் ஜல்லித் திட்டில் முனகும். நாய்களைப் பற்றியும் கேட்பார்கள். வேகமெடுத்தால் துரத்தும், இறங்கி, சைக்கிளை நடுவே வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். பெண்கள் தனியாகப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், இருட்டு விலகிய பிறகு கிழக்குப் பக்கத்து ஏரிப் பாதைகளில் போகலாம் என்பதே. பால் வாங்க, பள்ளிக்குப் போக, டியூஷனுக்குப் போக எப்போதும் அங்கே பெண்கள் சைக்கிளில் இருக்கிறார்கள். கூட்டமாகப் போகும் குழுக்களைவிட இந்தக் காட்சிதான் ஒரு சாலை பாதுகாப்பானதா என்பதற்கு நம்பகமான அறிகுறி.

அந்தப் பெண்களில் பலர் ஓட்டுவது அரசு கொடுத்த சைக்கிள். 2001ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு விரிந்தது. ஆண்டுதோறும் இத்தனை பிள்ளைகளின் கையில் சைக்கிளைக் கொடுக்கும் அரசு, அதை எங்கே ஓட்டுவது என்பதற்குப் புறநகரில் ஒரு முழம் தனிப்பாதை போட்டதில்லை. அதே வேளையில் ஏரிகளைச் சீரமைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சிட்லப்பாக்கத்தில் ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கி ஆரம்பித்து வைத்தது; செம்பாக்கத்தில் சூழலியல் அமைப்புகள் கைகொடுத்தன. கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு, விளக்கு வைக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் நடைபயிற்சிக்கென்று அமைத்த கரைகளில் பெரும்பாலும் சைக்கிளை உள்ளே விடுவதில்லை.

நடப்பவர்களின் அச்சம் நியாயமானது. குறுகிய கரையில் இரண்டும் சேர்ந்து போக முடியாது. ஆனால் கரையை ஒட்டிக் கீழே ஆக்கிரமிப்பு அகற்றிய இடங்களில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு சைக்கிள் தடம் போட்டால் போதும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக நீர் இறங்கும் வரிசையிலேயே போய், நன்மங்கலம் வரை ஒரு பள்ளிப் பிள்ளை வேளச்சேரி சாலையை ஒருமுறை கூடத் தொடாமல் போய்ச் சேரலாம். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே உபரி நீர்க் கால்வாய் ஏற்கெனவே இருக்கிறது, நிலம் அரசுடையது. கால்வாய்க்கு மதில் கட்டும் ஒப்பந்தத்திலேயே தடத்தையும் சேர்த்துவிட்டால் தனி நில எடுப்பு வேண்டியதில்லை. கடினமான இடம் ஒன்றுதான்: கால்வாய் வேளச்சேரி சாலைக்கு அடியில் நுழையும் இடம். அங்கே இருக்கும் சிறுபாலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் கூரையைத் தொடும். கோடையில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குனிந்து போகலாம். அதை இரண்டு அடி உயர்த்திக் கட்டினால் வெள்ளத்துக்கும் நல்லது, சைக்கிளுக்கும் வழி.